நான்காம் வளைவில் அணையும் கார்

ஜனவரி 8

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுதவும்.

இது அம்மாவின் கையெழுத்து இல்லை என்று உறையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். மேலே உள்ள வரிகளுக்கு ஒரு காலைப்பொழுது போனது. நூலக மாடியில் நடக்கும் வகுப்பில் நாங்கள் ஏழு பேர். வயதில் நான்தான் மூத்தவன். எனக்கு அடுத்தவர் பூட்டு விற்கிறவர். போன வாரம் டீச்சர் என்னிடம், "சொல்லித் தர எழுத்து எதுவும் பாக்கி இல்ல ஐயா. இனி நீங்க எழுதறதுதான் பாக்கி" என்றார். அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் இருந்த கடைப் பலகை ஒன்றைக்கூட விடவில்லை.

முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டினேன். கையை உயர்த்தினால் தூக்கும், விரலை மடக்கினால் நிற்கும். அதற்கு எழுத்து தேவைப்படவில்லை. உன் கடிதங்களை அம்மாதான் படித்துக் காட்டுவாள். இப்போது என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது வருஷமா என் வாயையே பார்த்துட்டு இருந்தவரு, இப்ப என்கிட்டயே மறைக்கிறாரு" என்கிறாள். கையை வைத்து மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போனில் நீ ஒன்று சொன்னாய். உங்கள் பட்டறையில் ஒரு கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோய்த் திரும்ப உயிர் பெறுகிறது என்று. அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். மீதியைப் போனில் சொல்லாதே, எழுது. எனக்குப் படிக்க ஏதாவது வேண்டும். வகுப்புப் புத்தகத்தில் ஒரு ஆடும் ஒரு கிணறும்தான் இருக்கின்றன.

உன் அப்பா


ஜனவரி 19

அன்புள்ள அப்பா,

நலம். சாப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அது தெருவில் ஓடும் கார் இல்லை. பந்தயத் தடத்தில் சுற்றுவதற்கென்றே மெத்தை, கம்பளம், பின் இருக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கட்டிய கார். டிராக் கார் என்போம். ஒரு பல் டாக்டருடையது. வாரம் முழுக்க அடுத்தவர்களைப் பயமுறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன்னைத் தானே பயமுறுத்திக்கொள்ள வருகிறார்.

ஆறேழு சுற்று ஒழுங்காக ஓடும். பிறகு நான்காவது வளைவில், வலப்பக்கம் திரும்பும்போது, எஞ்சின், பெட்ரோல் பம்ப், மீட்டர்கள் எல்லாம் ஒரே கணத்தில் அணையும். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்ப வந்துவிடும். ஒரு நாள் மூன்று முறை, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. பட்டறைக்குக் கொண்டுவந்தால் நல்ல பிள்ளையாக நாள் முழுக்க ஓடும். பின்னால் இன்னொரு கார் ஒட்டி வரும்போது அது அணைந்தால் நேராக வந்து மோதும்.

எல்லாம் ஒன்றாகப் போகிறது என்றால், எல்லாம் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். அப்படி இரண்டே இடம். பேட்டரியிலிருந்து மின்சாரம் போகும் வழியில் மெயின் சுவிட்ச். வேலையை முடித்துத் திரும்பி வரும் வழியில், இருக்கைக்குப் பின்னால் ஒரு போல்ட். எல்லா எர்த் வயர்களையும் சேர்த்துக் காரின் உடம்போடு இறுக்குவது அதுதான். சுவிட்சைப் போட்டவர் என் சீனியர். சட்டென்று சூடாகிவிடுவார், அதனால் ஃபியூஸ் அண்ணன் என்று கூப்பிடுவோம். மற்ற வயரிங் முழுக்க நான். போல்ட்டை ஸ்பானர் வைத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று முதலாளி எங்கள் இருவரையும் நிற்க வைத்து, "யாரு கை வேலைன்னு தெரியட்டும். அந்தக் கை டயர் கழட்டப் போகும்" என்றார். டயர் பக்கம் போனால் அப்புறம் வயரைத் தொட முடியாது. அங்கிருந்து வயருக்கு வர நான் எத்தனை வருடம் டயர் உருட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். இதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மகள்


பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து முடிக்க ஐந்து நாள் ஆனது. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று கடைசிப் பத்தியை ஒரு நாள் தள்ளி வைத்தேன்.

வளைவில் மட்டும் ஏன் அணைகிறது என்று யோசித்தேன். பேருந்தில் ஏறி டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வண்டி வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் எல்லோரும் இடப்பக்கம் சாய்கிறார்கள். ஒரு அம்மாள் பையோடு என் மேலேயே சாய்ந்துவிட்டார். கண்டக்டர், "பெரியவரே, அங்க சீட் காலியா இருக்குல்ல, உக்காருங்களேன்" என்றார். "நான் வேலையா இருக்கேன் தம்பி" என்றேன். அப்படியானால் உங்கள் காரிலும் ஏதோ ஒன்று இடப்பக்கம் சாய்கிறதா? முதல் ஆறேழு சுற்றில் ஏன் சாயவில்லை? சூடானால்தான் தளருமா?

பட்டறையில் ஒழுங்காக ஓடுகிறது என்று நீ எழுதியதை வகுப்பில் சொன்னேன். பூட்டுக்காரர், "வாங்கினவன் வீட்ல மக்கர் பண்ற பூட்டு என் கடைக்கு வந்தா வெண்ணெய் மாதிரி திறக்கும்" என்றார். எல்லா ஊரிலும் எல்லாப் பொருளும் இப்படித்தான் போலிருக்கிறது.

மேலும் எழுது. சுருக்காதே.

உன் அப்பா


பிப்ரவரி 14

அன்புள்ள அப்பா,

நலம். அம்மா முட்டியை மடக்கித் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பேருந்து ஆராய்ச்சியைப் பட்டறையில் சொன்னேன். டாக்டர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்றார். நீங்கள் நினைப்பது சரிதான். சூடும் சாய்வும் சேரும்போதுதான் அணைகிறது.

காரில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. வேகம், சூடு, மின்சாரத்தின் அளவு எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் பதிந்துகொண்டே வரும். அதைக் கணினியில் போட்டால் கோடாகத் தெரியும். நான்காம் வளைவில் கோடு அறுந்துபோய்க் கொஞ்சம் தள்ளித் திரும்பத் தொடங்குகிறது. அந்தப் பெட்டியும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. மற்றவை அணையும்போது சாட்சியும் கண்ணை மூடிக்கொள்கிறது. அதனால் எப்போது என்று தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை.

வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஃபியூஸ் அண்ணன், "என் சுவிட்ச் புதுசு. நீ உன் வயரைப் பாரு" என்கிறார். "வயரைப் பாத்தாச்சுண்ணே, நீங்க சுவிட்சைப் பாருங்க" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தினமும் சேர்ந்து டீ குடிப்போம், அது நின்றுவிட்டது. முதலாளி வேறு சுவிட்ச் வரவழைத்திருக்கிறார். வந்ததும் மாற்றி ஓட்டிப் பார்ப்போம். சுவிட்சாகத்தான் இருக்க வேண்டும்.

அன்புடன்,
மகள்


மார்ச் 3

அன்புள்ள அப்பா,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே. மெயின் சுவிட்சை மாற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கார் இருபத்திரண்டு சுற்று ஓடியது. ஒருமுறைகூட அணையவில்லை. டாக்டர் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார். ஃபியூஸ் அண்ணன் டயர் பக்கம் போய்விட்டார். வேலை அதிகம். அம்மாவின் முட்டிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மகள்


மார்ச் 12

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம். மருந்து வந்தது. அம்மா தடவிக்கொண்டு, வாசனை நன்றாக இல்லை என்கிறாள். வலி குறைந்ததா என்று கேட்டால் மறுபடியும் வாசனையைத்தான் சொல்கிறாள்.

கார் ஓடியதை வகுப்பில் சொன்னேன். ஏழு பேரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

உன் கடிதம் சிறியது என்பதால் நிறைய முறை படித்தேன். அம்மா மாதிரி எனக்கு ஓடிப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துத்தான் போவேன். அதனால் சில சந்தேகங்கள்.

முதல் கடிதத்தில் இரண்டு இடம் என்று எழுதினாய். சுவிட்ச், போல்ட். அடுத்த கடிதத்தில் போல்ட் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அது என்ன ஆனது? மின்சாரத்துக்குத் திரும்பி வரும் வழி என்று ஒன்று இருப்பது எனக்குப் புதிது. அதைப் பற்றி இன்னும் வரும் என்று காத்திருந்தேன்.

இன்னொன்று. பழைய சுவிட்சைத் திறந்து பார்த்தாயா? ஏழு வயதில் வீட்டு ரேடியோவைத் திறந்து பாய் முழுக்கப் பரப்பியவள் நீ. திறக்காமல் விட்டிருக்க மாட்டாய். உள்ளே என்ன இருந்தது என்று எழுதவில்லையே. கரி பிடித்திருந்ததா?

உன் அப்பா


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம். நீ நலமா?

பதில் வரவில்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே எதிர் வரிசைக்குப் போய்விடுகிறார். என் கேள்வி கடினமாக இருந்தால் வேறு கேள்வி கேட்கிறேன். அந்தக் காரின் நிறம் என்ன?

உன் அப்பா


ஏப்ரல் 14

அன்புள்ள அப்பா,

கார் பச்சை.

உடம்பு நலம். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட வேண்டாம். நீங்கள் படிக்கக் கற்பதற்கு முன்பு என்றால் இதை எழுதியே இருக்க மாட்டேன். நான் எழுதுவது அம்மாவின் குரலில்தானே உங்களுக்குக் கேட்கும்.

போன வருடக் கடைசியில் அந்தக் காரின் வயரிங்கை முழுக்கப் பிரித்துத் திரும்பப் போட்டேன். எர்த் போல்ட் வரும் இடத்தில் நகம் அளவுக்குத் துரு இருந்தது. துருவைக் கண்டால் நம் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஜன்னல் கம்பி, வாளிக் கைப்பிடி, என் பென்சில் டப்பாவரை வருடா வருடம் பெயின்ட் அடித்த வீடு. நானும் துருவைச் சுரண்டிச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தேன். காய்ந்ததும் அதன் மேலேயே வயர்களை வைத்து இறுக்கினேன். எர்த் வயர் வெறும் இரும்பில்தான் உட்கார வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படிக்கிற பாடம் அது.

அத்தனை மின்சாரமும் போல்ட்டின் மரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்பானர் வைத்தால் இறுக்கம். மீட்டர் வைத்தாலும் சரி என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் துளி மின்சாரத்தைத்தான் அனுப்பிப் பார்க்கும். பம்பும் விசிறியும் சேர்ந்து இழுத்து, காரும் சூடாகி ஒரு பக்கம் சாயும்போது மட்டும் தொடர்பு விட்டுவிடும்.

இரண்டாவது கடிதம் எழுதும்போதே பெயின்ட் அடித்தது நினைவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் அதில் போல்ட் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். எட்டு மணிக்கு ஃபியூஸ் அண்ணன் வந்து புது சுவிட்ச் போட்டார். கார் ஓடியது. முதலாளி அவரைப் பார்த்து டயர் பக்கம் விரல் நீட்டினார். நான் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரம் ஆகிறது.

பழைய சுவிட்சைக் குப்பையிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தேன். கரி இல்லை. புதிது மாதிரி இருந்தது. மூடித் திரும்பக் குப்பையிலேயே போட்டுவிட்டேன்.

திட்டுவதென்றால் திட்டி எழுதுங்கள்.

மகள்


ஏப்ரல் 27

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

அம்மா, "என்ன எழுதியிருக்கா?" என்றாள். "கார் பச்சையாம்" என்றேன். "அதுக்கா ரெண்டு பக்கம்?" என்றாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு நம்ப முடியவில்லை. பெயின்ட் என்ன கனம் இருக்கும்? இவ்வளவு பெரிய காரை நிறுத்துமா? அதனால் செய்து பார்த்தேன். டார்ச்சிலிருந்து பேட்டரியையும் பல்பையும் எடுத்து, இரண்டு வயர் வைத்து, நடுவில் ஒரு தகர மூடியைச் சேர்த்தேன். வெறும் தகரத்தில் வயரைத் தொட்டால் பல்பு எரிந்தது. மூடிக்குப் பெயின்ட் அடித்துக் காய வைத்துத் தொட்டேன். எரியவில்லை. ஆணியால் ஒரு கீறல் போட்டு அங்கே தொட்டேன். எரிந்தது. ஒரு பொழுது முழுக்க அணைத்து அணைத்து எரிய வைத்தேன். டார்ச்சைத் திரும்பச் சேர்க்க முடியவில்லை.

அதை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பெயின்ட்தான் காரை நிறுத்தியது, என் மகள் கண்டுபிடித்தாள் என்று சொல்லிவிட்டேன். பூட்டுக்காரர், "உங்க பொண்ணு பெரிய ஆளுதான். முதலாளி என்ன சொன்னாரு?" என்றார். நான் இருமினேன். தண்ணீர் குடித்தேன். அப்புறம் சொல்கிறேன் என்றேன். வேறு இடங்களில் பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் எழுத்துப் படித்த அறையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவர் ஒவ்வொரு வகுப்பிலும் விடாமல் கேட்கிறார்.

திட்டி எழுதச் சொன்னாய். அந்தச் சொற்களை டீச்சர் இன்னும் சொல்லித் தரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சுவிட்ச் போட்ட அந்தத் தம்பி இப்போது யாரோடு டீ குடிக்கிறார்?

உன் அப்பா


மே 12

அன்புள்ள அப்பா,

நலம். டயர் அடுக்குக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து குடிக்கிறார். உங்கள் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமே என்று போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகு இரண்டு நாள் சரியாக வேலை ஓடவில்லை.

திங்கள்கிழமை எல்லோரும் கூடி நிற்கும்போது சொல்லிவிட்டேன். டாக்டரும் இருந்தார். முதலாளி, "இது உனக்கு எப்ப தெரியும்?" என்றார். "சுவிட்சை மாத்தறதுக்கு முன்னாடியே" என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா மாட்டினதுக்கு உன்னை டயருக்கு அனுப்பறேன். மறைச்சதுக்கு என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல" என்றார். டாக்டர், "ஏம்மா, வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னாதானே பல்லைப் பார்க்க முடியும்" என்றார். சிரிக்கவில்லை.

ஃபியூஸ் அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு மாசம். வீட்லகூட என் சுவிட்சுதான் தப்புன்னு நம்பிட்டாங்க" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் வயரிங் மேசைக்கு வந்துவிட்டார். நான் டயர் பக்கம். என்னோடு பேசுவதில்லை. அதைக் குறை சொல்ல முடியாது.

பூட்டுக்காரரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அம்மாவிடம் நானே சொல்கிறேன்.

அன்புடன்,
மகள்


மே 22

மதிப்புக்குரிய தம்பிக்கு வணக்கம். பட்டறையில் உங்களுக்கு ஜூனியராக இருக்கும் பெண்ணின் அப்பா எழுதுவது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

மகளுக்காக மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அது அவள் வேலை, கேட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தாள். எனக்கு ஒரு சந்தேகம். நான்கு மாதமாக அந்தச் சுவிட்சைப் பற்றிப் படிக்கிறேன். அதற்குள் என்னதான் இருக்கிறது என்று இதுவரை யாரும் எழுதவில்லை. மகளையே கேட்கலாம். ஆனால் அது உங்கள் கையால் போட்டது. உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நான் புதிதாகப் படிப்பவன்.

அன்புடன் ஒரு பெரியவர்


ஜூன் 3

ஐயா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் நலம். உங்களுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

நான் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன்.

சுவிட்சுக்குள் இரண்டு செம்புக் கட்டைகள் இருக்கும். எதிரே ஒரு தகடு, அதற்குப் பின்னால் ஸ்பிரிங். சாவியைத் திருப்பினால் தகடு இரண்டு கட்டையையும் தொடும். தொட்டால் மின்சாரம் போகும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான். அந்தப் பழைய சுவிட்சை நானும் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு முன்பே யாரோ திறந்து மூடியிருந்தார்கள். யாரென்று இப்போது தெரிகிறது. செம்பு இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. யாராவது கேட்டால் காட்டலாம் என்று இரண்டு மாதம் பையிலேயே வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். எங்கள் பட்டறையில் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் பார்த்து, அதன் கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் கார் வெளியே போகும். அந்தக் காரின் வயரிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். இருக்கைக்குப் பின்னால் குனிந்து அந்தப் போல்ட்டையும் பார்த்தேன். சுற்றிலும் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பிள்ளை சுத்தமாக வேலை செய்திருக்கிறாளே என்று நினைத்து டிக் போட்டேன். வயருக்கு அடியிலும் பெயின்ட் இருக்குமே என்று தோன்றவில்லை. இருபத்தெட்டு வருடமாக வயரிங் செய்கிறவன் நான்.

அவள் எல்லோர் முன்னாலும் சொன்னபோது இது எனக்கு ஞாபகம் வந்தது. நான் வெளியே போனதைக் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்று வாரமாகப் பேசாமல் இருப்பதையும் கோபம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பேசவில்லை. முதலாளியிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை. இந்தத் தாளை உறையில் போடுவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுக்கிறேன். கீழே அவள் எழுதியிருந்தால், கொடுத்துவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஃபியூஸ்

அப்பா, படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. அண்ணன் இன்னும் போகாமல் இங்கேயேதான் நிற்கிறார்.